பதில் போகாத கடிதம்

எப்சிபா முனைவர் பட்டம் வாங்கி மூன்று வருடம் ஆகியிருந்தது. ஆனாலும் அவள் ஆய்வகத்தை விட்டுப் போகவில்லை. போக இடம் கிடைக்கவில்லை. அங்கிருந்த வெற்றிடக் கருவியை மக்கர் பண்ணாமல் ஓட்ட வெகுநாள் அவள் ஒருத்தியால்தான் முடிந்தது. புது மாணவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டு, மிச்ச நேரத்தில் வெளிநாட்டு ஆய்வகங்களுக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தாள்.

அவளுடைய வழிகாட்டி குலசேகரன் அதிகம் பேசாதவர். ஒரு நாள் மத்தியானம் பாதிச் சாப்பாட்டில் டப்பாவை மூடிவிட்டு அவர் அறைக்குப் போய் நின்றாள்.

"சார், ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"எங்கிட்ட என்ன சார் குறை? நேர்காணல்ல எல்லாரும் சிரிச்சுத்தான் பேசுறாங்க. அப்புறம் சத்தமே இல்ல. இந்த ஜூனோட விண்ணப்பிக்கிற வயசு வரம்பும் முடியுது."

 குலசேகரன் எழுந்து தன் நாற்காலியை அவளுக்கு விட்டார். கணினியில் பழைய மின்னஞ்சல் ஒன்றைத் திறந்து வைத்துவிட்டு ஜன்னலோரம் போய் நின்றுகொண்டார்.

நார்வேயிலிருந்து ஒரு பேராசிரியை எழுதியது. எப்சிபாவைச் சேர்த்துக்கொள்ள விருப்பம், அவளைப் பற்றி நீங்கள் நாலு வரி எழுதினால் போதும் என்றிருந்தது. பத்து நாள் கழித்து ஒரு நினைவூட்டல். பிறகு இன்னொன்று. அதற்குக் கீழே எதுவும் இல்லை. தேதி இரண்டரை வருடத்துக்கு முந்தையது.

 அந்த இடம் தன் இங்கிலீஷால்தான் போனது என்று எப்சிபா நம்பியிருந்தாள். அதற்காக ஒரு வருடம் கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பழகியிருந்தாள்.

"பாக்காம விட்டுட்டீங்களா, சார்?"

"பாத்தேன். மூணையும் பாத்தேன்."

"அப்புறம்?"

"அடுத்த வாரம் எழுதலாம்னு வச்சேன். ப்ராஜெக்ட் முடியட்டும்னு வச்சேன். நீ போயிட்டா மெஷின யாரு பாப்பான்னு நெனச்சேன்."

"மத்த இடங்களுக்கு?"

"எழுதினேன். எல்லாமே தேதி தாண்டின பிறகு."

அவரை ஏதாவது கேட்டுவிட வேண்டும் என்றிருந்தது அவளுக்கு. எட்டு வருடம் சார் சார் என்றே பழகிய வாய்க்கு வேறு வார்த்தை வரவில்லை.

"காலையில நார்வேக்கு எழுதிக் கேட்டேன்" என்றார் அவர். "அங்க வேற ஆள் சேந்தாச்சாம்."

"இதை இப்ப ஏன் சார் சொன்னீங்க? தெரியாமலே இருந்திருப்பேன்ல?"

குலசேகரன் ஜன்னலை விட்டுத் திரும்பினார்.

"உங்கிட்ட மெஷின் பழகினாளே, ஆதிரை. அவ நாளைக்கு எங்கிட்டச் சிபாரிசுக் கடிதம் கேட்டு வர்றா. இப்ப அவளும் உன்ன மாதிரியே ஓட்டுறா. நான் அதை அனுப்புற வரைக்கும் நீ பக்கத்துலயே நில்லு."