நட்டாற்றில் ஒரு பாட்டு

மலைக்கோட்டைகளில் வாழும் இயக்கர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. மனிதப் பெண்ணைக் கல்யாணம் செய்வதென்றால், மனிதரில் ஒருவரைக் குருவாக ஏற்று, "இவள் மனம் உன்னிடம்தான் இருக்கிறது" என்று அவர் வாயால் சொல்லக் கேட்க வேண்டும். அதற்குப் பிறகுதான் தாலி. தாலி ஏறிவிட்டால் அந்தப் பெண் மலையைவிட்டு இறங்க முடியாது. அவளும் இயக்கியாகிவிடுவாள். அந்த மலைமேல் செத்துப்போகக்கூட முடியாது.

காரிமலைக் கோட்டையின் தலைவன் விடங்கனுக்கு வயது முந்நூறு. அவன் குருவாகத் தேடிப் போன காத்தாயிக்கு முப்பத்திரண்டு. ஆற்றில் பரிசல் ஓட்டுகிறவள். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். அவனுக்கு வேறு வழியில்லை.

முதலில் ஒரு பண்டிதரிடம்தான் போனான். அவர் நடுங்கிக்கொண்டே ஆமாம் என்றார். பிறகு ஒரு பூசாரியிடம் போனான். அவரும் ஆமாம் என்று சொல்லி, கேட்காமலே திருநீறு வேறு கொடுத்தார். பயத்தில் சொல்கிறார்கள் என்பது விடங்கனுக்குத் தெரிந்தது. அந்த அளவுக்குப் புத்தி இருந்தது, பாவம். நினைத்த மாத்திரத்தில் ஆளைக் கல்லாக்கிவிடுகிறவன் முன்னால் நின்று யார்தான் இல்லை என்பார்கள்? யார் முகத்துக்கும் அஞ்சாமல் பட்டென்று பேசுகிறவள் ஆற்றங்கரையில் ஒருத்தி இருக்கிறாள் என்று வேலைக்காரர்கள் சொன்னார்கள். இறங்கி வந்தான்.

காத்தாயி பரிசலைக் கவிழ்த்துப் போட்டு அடியில் தார் பூசிக்கொண்டிருந்தாள். தலையில் கொம்பும் தோளில் பட்டுமாக ஒருவன் வந்து மணலில் உட்கார்ந்து "குருவே" என்றதும், யாரைச் சொல்கிறான் என்று திரும்பிப் பார்த்தாள். பின்னால் ஒரு கழுதைதான் நின்றது.

விடங்கன் எல்லாவற்றையும் சொன்னான். இருவாட்சி என்று ஒரு பெண். ஊர்த் திருவிழாவில் பார்த்தான், பிடித்துப்போயிற்று, புயலைக் கிளப்பித் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். முதலில் அழுதாள். பிறகு சாப்பிட ஆரம்பித்தாள். இப்போது அவனைப் பார்த்தால் சிரிக்கிறாள், உங்களைப் பிடிக்கும் என்கிறாள். வாசல் பூட்டை அவனே தன் கையால் எடுத்துப் போட்டுவிட்டான். கதவு ராப்பகலாகத் திறந்தே கிடக்கிறது. அவள் போகவில்லை.

அவளை மீட்க வேல்கம்போடு வந்த அவள் அண்ணன் வேம்பனைப் பற்றியும் சொன்னான். அவனைக் கல்லாக்கி முற்றத்தில் நிறுத்தியிருக்கிறானாம். தினமும் காலையில் அவள் அந்தக் கல்லின் தலையில் தண்ணீர் ஊற்றி, காக்கை எச்சத்தைத் துடைத்துவிட்டு, பிறகு வந்து இவன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவாளாம்.

"அதைக்கூட நான் ஒருநாளும் தடுத்ததில்லை," என்றான்.

பெருமையைப் பாருங்கள்.

வருகிற பௌர்ணமியில் தாலி கட்ட எல்லாம் தயார். ஆனாலும் அவனுக்கு ஏதோ உறுத்தியது. அவள் சிரிப்பதைப் பார்த்தால் சந்தோஷமாக இருக்கிறது, தனியாக இருக்கும்போது அதையே நினைத்தால் கலக்கமாக இருக்கிறது, எது சரி என்று விளங்கவில்லை என்றான்.

"அவள் மனம் என்னிடம் இருக்கிறதா, அம்மா? உள்ளதைச் சொல்லுங்கள். எது சொன்னாலும் உங்களைக் கல்லாக்க மாட்டேன்."

காத்தாயி தார்ச்சட்டியை ஓரமாக வைத்தாள். பக்கத்தில் கிடந்த காய்ந்த பரிசலைத் தண்ணீரில் தள்ளினாள்.

"ஏறு," என்றாள்.

விடங்கன் அசையவில்லை. இயக்கர்களுக்கு ஓடுகிற தண்ணீர் ஆகாது. கால் பட்டால் உப்புக்கட்டிதான், கரைந்துபோவார்கள். இது ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆனால் குரு சொல்லை மீறினால் சீடன் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஏறி, நடுவில் குந்தி, இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

நடு ஆற்றுக்கு வந்ததும் காத்தாயி துடுப்பைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். பரிசல் தானாகச் சுற்ற ஆரம்பித்தது. விளிம்பைத் தாண்டித் தண்ணீர் அவன் காலருகே தெறித்தது. அவளுக்குப் பயமில்லை என்று நினைக்க வேண்டாம். எதிரே இருக்கிறவன் யார் என்று அவளுக்குத் தெரியாதா? இருந்தாலும் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, கொக்கைப் பற்றி ஒரு பாட்டை எடுத்து விட்டாள்.

காத்தாயி பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். அவளுக்கு எல்லாம் வரும், பாட்டு மட்டும் வராது. கட்டிய புருஷனே காதைப் பொத்திக்கொள்வான்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

"நன்றாக இருக்கிறது, அம்மா."

"இன்னொண்ணு பாடவா?"

"பாடுங்கள்."

பாடினாள். பரிசல் சுற்றிக்கொண்டே இருந்தது. விடங்கன் தலையை ஆட்டினான். கொஞ்ச நேரத்தில் விளிம்பில் விரலால் தாளம்கூடப் போட்டான். மூன்றாவது பாட்டில் அவன் கண் கலங்கியது. காத்தாயி அதைப் பார்த்ததும் பாட்டை நிறுத்தித் துடுப்பை எடுத்தாள். அவளுக்கு என்னவோ போலாகிவிட்டது.

அக்கரையில் இறக்கி, நல்ல காய்ந்த மணலில் உட்காரவைத்தாள். அவன் மூச்சு சீராகும் வரை காத்திருந்தாள்.

"இப்ப சொல்லு. பாட்டு எப்படி?"

விடங்கன் காதைத் தேய்த்துக்கொண்டான்.

"இன்னொண்ணு பாடட்டுமா?"

"வேண்டாம்," என்றான் அவசரமாக. பிறகு அவனே திகைத்துப்போனான். "அம்மா, நான் பொய் சொல்லவில்லை. அங்கே இனிமையாகத்தான் இருந்தது. சத்தியமாக. அழுகைகூட வந்தது."

"வந்துச்சு. நானும் பாத்தேன்."

"இங்கே நினைத்துப் பார்த்தால் காது கூசுகிறது."

"ம்."

"அப்படியென்றால் அங்கே சொன்னது பொய்யா?"

"நீதானே சொன்ன. உனக்குத் தெரியாதா?"

"பொய் இல்லை."

"அப்ப நிஜமா?"

விடங்கன் ஆற்றைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், தன் கையைப் பார்த்தான். முந்நூறு வருஷத்தில் அவன் இப்படிக் குழம்பியதில்லை. கோபம் வந்தது. ஒருநாளும் இருவாட்சியைக் கைநீட்டி அடித்ததில்லை என்றான். கேட்டதெல்லாம் கொடுத்தேன் என்றான். பூட்டைக்கூட எடுத்துவிட்டேனே என்றான். காத்தாயி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். பேச்சு தானாக ஓய்ந்தது.

"நான் என்னதான் செய்யட்டும்?"

"நான் என்ன செஞ்சேன்? கரையில இறக்கிவிட்டுத்தானே கேட்டேன்."

"அவள் அண்ணன்..." என்று ஆரம்பித்தான். முடிக்கவில்லை. காத்தாயியும் எடுத்துக் கொடுக்கவில்லை.

"விட்டால் போய்விடுவாள், அம்மா."

"போவா."

"திரும்பி வருவாளா?"

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

"பிறகு எதற்கு நான் விட வேண்டும்?"

"வேணும்னு நான் எப்பச் சொன்னேன்? பண்டிதர் ஆமான்னு சொல்லியாச்சு. பூசாரியும் சொல்லியாச்சு. அது போதும்னா பௌர்ணமிக்குக் கட்டிக்க. என் வாயால மட்டும் கேக்காத."

இக்கரைக்குக் கொண்டுவந்து விட்டபோது அவள் பாடவில்லை.

பௌர்ணமி அன்று காலைவரை விடங்கன் முற்றத்தில் கல்லுக்கு எதிரே உட்கார்ந்திருந்தானாம். வேலைக்காரர்கள் பிறகு சொன்னார்கள். மனமுவந்து செய்தான் என்று சொன்னால் அது பொய். செய்யாமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். எழுந்து போய்க் கல்லின் தோளில் கை வைத்தான். கத்திக்கொண்டிருக்கும்போதே கல்லாகிப்போன வேம்பன், கத்திக்கொண்டே உயிர் பெற்றான். பக்கத்தில் தண்ணீர்ச் செம்போடு நின்ற இருவாட்சி அதை அப்படியே கீழே போட்டுவிட்டு அண்ணனைக் கட்டிக்கொண்டாள். விடங்கன் வாசலைக் காட்டினான். எனக்கும் உங்களுக்கும் இனி ஒன்றுமில்லை, உங்கள் ஊர்ப்பக்கம் என் நிழல்கூட வராது என்று மட்டும் சொன்னான். அண்ணனும் தங்கையும் கைகோத்துக்கொண்டு இறங்கினார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

அவர்களைக் காத்தாயிதான் அக்கரை சேர்த்தாள். அவள் வெறும் பரிசலோடு திரும்பி வந்தபோது விடங்கன் இக்கரை மணலில் காத்திருந்தான். கல்யாணத்துக்கு எடுத்த பட்டைத்தான் கட்டியிருந்தான். மாற்றிக்கொள்ளத் தோன்றவில்லை போலிருக்கிறது. காத்தாயிக்கே பார்க்கப் பாவமாக இருந்தது.

"போய்விட்டாளா?"

"அக்கரையில இருக்கா."

"அழுதாளா?"

"அழுதா."

"அண்ணன் கிடைத்ததற்கா, என்னை விட்டு வந்ததற்கா?"

"நான் கேக்கல."

அவன் தரையைப் பார்த்தபடி, என்னைப் பற்றி ஏதாவது பேச்சு வந்ததா என்று கேட்டான்.

"நான்தான் எடுத்தேன். இறக்கிவிட்டுக் கேட்டேன், உனக்கு அந்த ஆளைப் பிடிக்குமான்னு."

விடங்கன் எழுந்தே நின்றுவிட்டான். "என்ன சொன்னாள்?"

"ஒண்ணும் சொல்லல. மணல்ல உக்காந்துட்டா. அண்ணன், 'வா, போலாம்'னு கையைப் பிடிச்சு இழுக்கறான். 'இருண்ணா'ங்கறா. நான் கிளம்பற வரைக்கும் அப்படியேதான் இருந்தா."

"பிடிக்காது என்றும் சொல்லவில்லையா?"

"இல்ல."

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னிடம் அப்படி இல்லையே, அம்மா. பிடிக்குமா என்று நான் கேட்டு வாய் மூடும் முன்பே பிடிக்கும் என்பாள். ஒருநாளும் யோசித்ததே கிடையாது."

"ஆமா," என்றாள் காத்தாயி. "இன்னிக்குத்தான் யோசிக்கிறா."