அம்பு வந்த திசை

நைல் கரையில் கல் செதுக்கும் சென்பியிடம் ஹேனுத் தொழில் கற்க வந்து நாலு வருஷம். குருவோடு அவள் வாதாடாத நாள் கிடையாது. அன்றைக்கு உளியையே கீழே போட்டுவிட்டாள்.

ஊர்த்தலைவர் ஒரு கல் கேட்டிருந்தார். கோயிலில் தெய்வத்துக்குக் கண்மை அரைக்கும் கல். அதில் அவருடைய சிங்க வேட்டையைச் செதுக்க வேண்டும். அவரைத் தவிர வேறு மனிதர் ஒருவரும் இருக்கக் கூடாது.

சிங்கத்தை எதிர்த்து நின்றவன் ஹேனுத்தின் அண்ணன் தாகி. மூன்று அம்பு விட்டான். சிங்கம் சாகும்போது அவனையும் கொண்டுபோனது. சிங்கத்தின் வால்பக்கம் புதருக்குள் ஒளிந்திருந்த தலைவர், எல்லாம் அடங்கிய பிறகுதான் வெளியே வந்தார். ஊருக்கே தெரியும். ஊர் வாயை மூடிக்கொண்டது.

"நாமெல்லாம் செத்துப்போவோம், இந்தக் கல் இருக்கும். என் அண்ணன் என்று ஒருத்தன் பிறக்கவே இல்லை என்று சொல்லிக்கொண்டிருக்கும். அதை நானே செதுக்கணுமா ஐயா?"

அவள் பொரிந்து தள்ளி முடிக்கும்வரை சென்பி காத்திருந்தார். பிறகு, அம்புகள் எங்கே தைத்திருந்தன என்று கேட்டார்.

"நெற்றியில் ஒன்று. மார்பில் இரண்டு."

"தலைவர்?"

"சொன்னேனே, சிங்கத்துக்குப் பின்னால்."

"அப்படியே செதுக்கு. அவரைப் பெரிசாகவே போடு."

"அண்ணன் நின்ற இடத்தில்?"

"ஒன்றும் வேண்டாம். ஒரு மான்கூட வேண்டாம்."

இது கோழைத்தனம் என்று முகத்துக்கு நேரே சொன்னாள். இருந்துவிட்டுப் போகட்டும் என்றார். முணுமுணுத்துக்கொண்டே தொடங்கினாள். இருபது நாளில் செதுக்கி முடித்தபோது முணுமுணுப்பு நின்றிருந்தது.

தலைவர் வந்தார். கல்லில் தன் தோளைத் தடவினார், வில்லைத் தடவினார், திருப்தியாகத் திரும்பிப் போனார்.

"அவர் கண்ணில் எதுவும் படவில்லையே!" என்றாள் ஹேனுத்.

"அவர் எங்கே சிங்கத்தைப் பார்த்தார்?"

திருவிழாவுக்கு ஆற்றின் மேல்பக்கத்து ஊரிலிருந்து ஒரு வேட்டைக்காரர் வந்திருந்தார். கோயிலில் இருந்த அந்தக் கல்லின் மேல் விரலை வைத்தார். தலைவரின் வில்லில் புறப்பட்ட விரல் சிங்கத்தின் வாலில் முட்டி நின்றது. சற்று யோசித்து, நெற்றியில் இருந்த அம்பைத் தொட்டார். இறகுப் பக்கமாக விரல் மெல்ல நகர்ந்தது. வெறும் கல்லில் போய் நின்றது.

"இங்கே நின்றவன் யார்?" என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார்.

கூட்டம் அங்கே நின்ற தலைவரைப் பார்த்தது. தலைவருக்கு முகம் கறுத்தது. எதற்கும் பதில் வைத்திருக்கும் ஹேனுத் அந்த வெறும் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சென்பி அவள் பக்கம் திரும்பினார்.

"கேட்கிறாரே அம்மா, சொல்லேன்."