இரண்டு செம்புத் தண்ணீர்

மலை ஓடைக்கரையில் குடில் போட்டிருந்த அங்கயற்கண்ணி அம்மையிடம் சீடராக இருந்தவர் மாரப்பன். உருளைக்கிழங்கு விவசாயி. குருவைவிடப் பதினெட்டு வயது மூத்தவர்.

பெருமழை பெய்த மறுநாள் காலை மூச்சிரைக்க ஓடிவந்தார்.

“அம்மா, ஓடை முழுக்க மீன் செத்து மிதக்குது. ஒரு நண்டுகூட மிஞ்சல. இந்தத் தண்ணியைத்தான் ஓடைக்குக் கீழே இருக்கிற கீழ்க்கொம்பை ஊர்ல என் மக குடிக்கிறா. கைக்குழந்தைக்காரி.”

“விடிஞ்சதுமே ஆள் அனுப்பிட்டேன். அங்கே யாரும் தண்ணியைத் தொடல.”

மாரப்பன் பொத்தென்று உட்கார்ந்தார்.

“எல்லாம் என் தோட்டத்துக்கு மேலே இருக்கிற துரைராசு வேலை. அவன் மூஞ்சியைப் பார்த்தாலே மீன் செத்துடும்.”

குரு சிரிக்கவில்லை.

“ரெண்டு செம்பு எடுத்துட்டுப் போங்க. ஒண்ணுல உங்க தோட்டத்துக்கு மேலே மொண்டுக்குங்க. இன்னொண்ணுல தோட்டத்துக்குக் கீழே.”

கொண்டுவந்தார். இரண்டும் ஒரே கலங்கலாக இருந்தன.

மேலே மொண்டதை எடுத்துக் குரு ஒரு மடக்குக் குடித்தார். மாரப்பன் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்து, குரு கீழே மொண்டதை உதட்டருகே கொண்டுபோனார்.

மாரப்பன் பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தார். அதுவரை குருவை அவர் தொட்டதே இல்லை. தண்ணீர் இருவர்மீதும் சிந்தியது.

“வேண்டாம்மா! அதுல மருந்து இருக்கு!”

“துரைராசு தோட்டத்துப் பக்கத் தண்ணியைக் குடிச்சப்போ சும்மா இருந்தீங்களே.”

மாரப்பன் செம்பைப் பார்த்தார். பிடியை விடவில்லை.

“முந்தாநாள்தான் பூச்சிக்குக் குருணை மருந்து தூவினேன்,” என்றார். “தண்ணி தேங்கினா கிழங்கு அழுகிடும்னு கிழங்கு நட்ட பார் வரிசையெல்லாம் சரிவுல மேலிருந்து கீழா இழுத்திருக்கேன். இன்னும் ரெண்டு பார் கிடைக்குமேன்னு ஓடைக்கரைப் புல்லையும் செதுக்கிட்டேன். மண்ணையும் மருந்தையும் மழை ஒண்ணா வழிச்சுக்கிட்டுப் போயிருக்கு.”

“ம்.”

“என் பேத்திக்கு நானே...”

அண்ணாந்து வானத்தைப் பார்த்தார்.

“நாளன்னைக்கு மறுபடி மழையாம். நான் என்ன செய்யணும், அம்மா?”

குரு தன் மணிக்கட்டைப் பார்த்தார். மாரப்பனின் விரல்கள் இன்னும் அதை இறுக்கிக்கொண்டிருந்தன.

“என் கையை எப்படிக் குறுக்கே வந்து பிடிச்சீங்க? தோட்டத்துல மழைத்தண்ணியையும் அப்படிச் சரிவுக்குக் குறுக்கே பார் போட்டுப் பிடிங்க. கரையில புல்லு வளர்ற வரைக்கும் விடாதீங்க.”