ஒற்றைக் காலில் நின்ற அரக்கன்

மலையடிக் காடு ஒன்றில், குழந்தைகளே, தூமகேசன் என்ற அரக்கன் இருந்தான். அவன் பெருமூச்சு விட்டால் மரங்கள் சாயும் என்பார்கள். ஆனால் அவனைப் பார்த்ததாகச் சொன்னது நரி மட்டும்தான்.

"நான் நடுக்காட்டு அரக்கரின் மந்திரி. அவருக்குப் பசி வந்தால் காடே மிஞ்சாது. அவ்வப்போது படையல் கொடுங்கள், நான் கொண்டுபோய் வைக்கிறேன்" என்றது நரி.

விலங்குகள் நடுங்கிப்போய் ஒப்புக்கொண்டன. முதலில் காடை முட்டைகள் போயின, பிறகு முயல் குட்டி. நரிக்குத் தொப்பை விழுந்தது. அது எப்படி என்று கேட்க யாருக்கும் துணிச்சல் இல்லை.

ஒருநாள் நரி மானிடம் வந்தது. "உன் குட்டியைக் கொடு அக்கா. அரக்கர் இளங்கறி கேட்கிறார்."

மானுக்குப் பெற்ற வயிறு பற்றி எரிந்தது. "நானே போய் அவரிடம் கேட்கிறேன்" என்று நடுக்காட்டுக்கு நடந்தது.

"வேண்டாம் அக்கா, பார்த்ததுமே விழுங்கிவிடுவார்" என்று நரி பதறிக்கொண்டு பின்னால் ஓடியது.

நடுக்காட்டில் கரும்பாறை ஒன்று நின்றது. மான் அண்ணாந்து பார்த்தது. அது பாறையில்லை, கால். ஒற்றைக் காலில் நின்று, வானத்தை நோக்கிக் கைகூப்பியிருந்தான் அரக்கன். முழங்கால்வரை புற்று வளர்ந்திருந்தது. சடைமுடியில் கழுகுகள் குஞ்சு பொரித்திருந்தன. மானுக்குப் பயமே மறந்துபோனது. இத்தனை பெரிய உயிர் இத்தனை அமைதியாக நிற்குமா என்று வியந்தது.

பிறகு மெல்லச் சொன்னது: "ஐயா, என் குட்டியைக் கேட்டீர்களாம். அதை விட்டுவிட்டு என்னைத் தின்னுங்கள்."

ஒரு கண் திறந்தது. காட்டில் பறவைச் சத்தமெல்லாம் அடங்கியது.

"நானா கேட்டேன்? வரம் வேண்டித் தவம் இருக்கிறேன், அம்மா. ஊனைத் தொட்டால் என் தவம் அத்தனையும் பாழ்" என்றான் அரக்கன். அவன் குரலில் தரை அதிர்ந்தது. "என் பெயரைச் சொல்லித் தின்றது யார்?"

நரி நழுவப் பார்த்தது. அரக்கனின் சடை ஒன்று கொடிபோல இறங்கி அதைச் சுற்றி வளைத்தது.

"சாமி, நான் உங்கள் மந்திரி" என்று நரி குழைந்தது.

"நல்லது. அரசன் பட்டினி கிடக்கையில் மந்திரிக்கு மட்டும் சாப்பாடு எதற்கு? தவம் முடியும்வரை நீயும் என்னோடு இரு" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டான் அரக்கன்.

மான் வீடு திரும்பிக் குட்டியை நக்கிக்கொடுத்தது. நரிதான் பாவம். அரக்கர் தவம் சீக்கிரம் முடிகிற தவமா என்ன?

நீதி: பிறர் பெயரைச் சொல்லிப் பயமுறுத்திப் பிழைப்பவன், ஒருவர் துணிந்து நேரில் போய்க் கேட்கும்வரைதான் பிழைப்பான்.