சடையாண்டியின் சாட்சி

அரிசி ஆலையில் நெல் அவிக்கும் சடையாண்டி, முப்பது வருஷப் பீடிப் பழக்கத்தை ஒரே நாளில் விட்டான். ஊரே மெச்சியது. முதலாளி அம்பலவாணருக்கு வயிறு எரிந்தது. "நானும் சுருட்டை விட்டாச்சு" என்று மறுநாளே ஊரறியச் சொன்னார். அப்போதும் ஜனங்கள் சடையாண்டியைத்தான் புகழ்ந்தார்கள்.

ஆறு மாதம் பொறுத்தவர், ஆயுத பூஜையன்று எல்லோர் முன்னாலும் வெடித்தார்.

"ஏண்டா, இத்தனை நாளா நீ பீடி தொடலைங்கிறதுக்கு என்ன சாட்சி? இப்பவே காட்டு. இல்லேன்னா வேலையை விட்டுப் போ!"

செய்ததற்குச் சாட்சி உண்டு. செய்யாததற்கு எங்கே போவது? கூட்டம் பரிதாபமாகப் பார்த்தது.

சடையாண்டி கைகட்டிச் சொன்னான்: "ஒருத்தர் இருக்காருங்க. கடையிலே வாங்கினா மானம் போயிடும்னு, தினம் காலையிலே உமிக் குவியலுக்குப் பின்னாலே வந்து என்கிட்டே பீடி கேட்பாரு. நானும் தினம் இல்லேன்னுதான் சொல்றேன்."

"யாரு அது? பேரைச் சொல்லு" என்றாள் முதலாளியின் மனைவி.

சடையாண்டி முதலாளியைப் பார்த்தான். "சொல்லட்டுங்களா, ஐயா?"

அம்பலவாணருக்கு வியர்த்துக் கொட்டியது. "வேண்டாம்டா! நான் நம்பறேன், நம்பறேன்!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அந்த அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை.

"உமிக் குவியல் பக்கம் உங்களுக்கு என்ன வேலை?" என்றாள்.