தணிகாசலம் சொன்ன ‘போதும்’

விடை சொல்லத் துடிப்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். முழுக்கக் கேட்ட பிறகும் உங்கள் நாக்கு இதே வேகத்தில் இருந்தால் நீங்கள் பெரிய ஆள்தான்.

இணையத்தில் போக்கர் ஆடிப் பிழைப்பதைச் சட்டம் ஒப்புக்கொண்ட நாடு ஒன்றில் மரகதம் என்பவள் இருந்தாள். அவள் கணவன் தணிகாசலத்துக்குச் சீட்டுதான் சோறு போட்டது. காலை ஒன்பது மணிக்கு உட்கார்ந்தால் ஒரு மணிக்கு எழுந்துவிடுவான். இவ்வளவு ஜெயிக்க வேண்டும் என்று இலக்கு வைக்கமாட்டான்; இன்று தப்பாக ஆடக்கூடாது என்றுதான் வைப்பான். ஒரே ஒரு குறை. தோற்ற கோபம் தலைக்கேறினால் ஆளே மாறிவிடுவான். அப்படி ஆடிய ஒரு நாளில்தான் வீடு கட்ட வாங்கிப் போட்டிருந்த மனை கைவிட்டுப் போயிற்று. அதை நினைத்து மரகதம் அழாத நாள் இல்லை.

மனை போன பிறகு ஒருநாள் அவளிடம் வந்து நின்றான்.

"கோவம் வந்தா ஒரு வார்த்தை சொல்லத்தான் எனக்குத் தெம்பிருக்கும் மரகதம். ‘போதும்’னு சொல்றேன். சொன்ன உடனே நெட் வயரப் பிடுங்கிடு. அப்புறம் நான் என்ன கத்தினாலும் கேக்காத. ஏன், எதுக்குன்னு நீயும் யோசிக்காத."

தன் தலையில் அவள் கையை வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டான். இரண்டு வருடத்தில் நான்கு முறை பிடுங்கினாள். நான்கு முறையும் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தவன், சாப்பிட உட்கார்ந்ததும் "நல்ல காரியம் செஞ்ச" என்றான்.

பிறகு ஒரு பெரிய போட்டி வந்தது. முதல் பரிசு கிடைத்தால் போன மனையும் வரும், அதில் வீடும் எழும்பும். ஆயிரக்கணக்கானவர்கள் உதிர்ந்து மூன்றே பேர் மிஞ்சினார்கள். அதில் தணிகாசலம் ஒருவன். மரகதமும் அவள் தம்பி சேந்தனும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றார்கள். அடுத்த சீட்டு விழுந்தது. இரண்டு ஏஸ்! தொடக்கத்தில் அதைவிடப் பெரிய ஜோடி அந்த ஆட்டத்தில் கிடையாது. தணிகாசலத்தின் முகம் மலர்ந்தது. தன்னை மறந்து சொன்னான்.

"போதும்."

மரகதத்தின் கை வயருக்குப் போயிற்று.

"அக்கா, மாமா சிரிக்கிறாரு பாரு! இந்தச் சீட்டு போதும்னு சொல்றாரு, விடு!" என்றான் சேந்தன்.

அவளுக்கும் அது தெரிந்தது. ஆனாலும் பிடுங்கினாள்.

சேந்தன் அலறிக்கொண்டு வயரைத் திரும்பச் செருகினான். அதற்குள் ஆடவேண்டிய நேரம் தாண்டி ஏஸ் இரண்டும் போயிருந்தன. ஆனால் ஆட்டம் முடியவில்லை. தணிகாசலத்தின் பந்தயச் சில்லுகள் குவியலாக அப்படியே இருந்தன.

"ஆடுங்க மாமா! இன்னும் ஒண்ணும் கெட்டுப்போகல!"

தணிகாசலம் திரையைப் பார்த்தான். கத்தவில்லை. "வாய் தவறினாலும் சொன்னது நான்தானே" என்று மடிக்கணினியை மூடிவிட்டுச் சாப்பிடக் கை கழுவப் போனான். ஆளில்லாவிட்டாலும் சுற்றுக்குச் சுற்று கட்டியாக வேண்டிய பந்தயத்தில் அவன் சில்லுகள் மெல்லக் கரைந்து, மூன்றாம் இடத்தோடு முடிந்தது. அந்தப் பரிசுக்கு ஒரு வாசற்கதவு வாங்கலாம், அவ்வளவுதான். பதினோரு வருடம் கூட வாழ்ந்தும் இந்த மனிதனை மரகதம் பார்த்ததேயில்லை.

இப்போது சொல்லுங்கள். தெரிந்தே பிடுங்கியவள், திரும்பச் செருகியவன், செருகிய பிறகும் எழுந்து போனவன். இதில் யார் செய்தது சரி?

விடை: சேந்தனுக்குச் சொல்லின் பொருள் புரிந்தது, சத்தியத்தின் பொருள் புரியவில்லை. சிரித்தால் விடலாம் என்று மரகதம் ஒருமுறை இறங்கிவந்திருந்தால், அடுத்த முறை கோபத்திலும் அவள் கணவன் சிரித்துக் காட்டியிருப்பான். ஆகவே அவள் செய்ததுதான் சரி. தணிகாசலமோ எழுந்து போயிருக்கவே வேண்டாம். சத்தியம் அவளுடையது, அது நிறைவேறிவிட்டது. தடுக்க ஆளில்லாதபோது, கட்டாத வீடு கண்ணெதிரே நிற்கும்போது, ஒருவன் தானாக எழுந்தானே, அதைச் சரி தப்பு என்று அளக்க எனக்குத் தைரியம் வரவில்லை. மறுநாள் ஒன்பது மணிக்கு மரகதம் அவனிடம் சொன்னாள்: "இனிமே உங்களுக்கு நான் காவல் இருக்க வேண்டாங்க."