கரடியின் நாய்களும் தூக்கமிழந்த மரங்கொத்தியும்

குளத்தங்கரை இலுப்பை மரத்தில் செவ்வந்தி என்ற மரங்கொத்தி பொந்து குடைந்து, மூன்று முட்டைகளை அடைகாத்து வந்தது. மரத்தை ஒட்டிய குகையில் பூதன் என்ற கரடி குடியிருந்தது. சேர்த்து வைத்த தேனடைகளைக் காக்க, பூதன் எங்கிருந்தோ இரண்டு நாய்களைக் கொண்டுவந்து குகை வாசலில் கட்டிப்போட்டது.

அன்றோடு செவ்வந்திக்குத் தூக்கம் போயிற்று.

இருட்டியதும் நாய்கள் ஆரம்பிக்கும். ஒன்று ஓய்ந்தால் மற்றொன்று தொடங்கும். இலை விழுந்தாலும் குரைக்கும், விழாவிட்டாலும் குரைக்கும். விடியும்போதுதான் அடங்கும்.

நாலாம் நாள், இரை தேடப் போன செவ்வந்தி கிளையிலேயே கண்ணயர்ந்துவிட்டது. விழித்துப் பதறிப் பறந்து வந்தால், பொந்துக்குள் ஒரு பாம்பு தலையை விட்டிருந்தது. செவ்வந்தி அதைக் கொத்திக் கொத்தி விரட்டியது. உள்ளே இரண்டு முட்டைகள்தான் மிச்சம்.

கொஞ்ச நேரம் அழுதது. பிறகு அலகைத் துடைத்துக்கொண்டு நேரே குகைக்குப் போயிற்று. இரவெல்லாம் காட்டில் சுற்றிவிட்டு வந்த பூதன் அப்போதுதான் படுத்திருந்தது.

"கரடியண்ணே, உங்க நாய்ங்க ராத்திரி முழுக்கக் குரைக்குது. கண்ணை மூட முடியலை."

"என் நாய்களா? காலையில நான் வரும்போது ரெண்டும் வாலை ஆட்டிக்கிட்டு நிக்குது. சத்தமே கிடையாது. நீ கனவு கண்டிருப்பே, தங்கச்சி."

"கனவு காணத் தூக்கம் வரணுமே, அண்ணே."

பூதன் புரண்டு படுத்துக்கொண்டது.

மறுநாளும் செவ்வந்தி போயிற்று. அதே பதில். மூன்றாம் நாள் பூதனுக்குக் கோபமே வந்துவிட்டது.

"அவ்வளவு கஷ்டமா இருந்தா வேற மரம் பார்த்துக்கோ!"

"முட்டையைத் தூக்கிக்கிட்டு எங்கே போவேன்? நாளைக்கும் வருவேன், அண்ணே."

இதையெல்லாம் புதருக்குள்ளிருந்து கேட்ட நரி மெல்ல மரத்தடிக்கு வந்தது.

"ஏன் இப்படி அலையறே, செவ்வந்தி? எட்டிக்கொட்டை விஷத்தை அரைச்சு இறைச்சியில பொதிஞ்சு ரெண்டு துண்டு போட்டுடறேன். ஒரே ராத்திரியில சத்தம் அடங்கிடும். கரடி கிளம்பிப் போற நேரத்தை மட்டும் நீ பார்த்துச் சொல்லு."

செவ்வந்தி உடனே மறுத்துவிடவில்லை. அசதி அப்படி. போன முட்டையும் நினைவுக்கு வந்தது. "யோசிச்சுச் சொல்றேன்" என்றது.

பொழுது சாய்ந்து பூதன் கிளம்பிப் போனதும், செவ்வந்தி நாய்களிடம் பறந்து போயிற்று.

"எதுக்கு இப்படிக் குரைக்கிறீங்க?"

செவலை நாய் தலையைத் தாழ்த்தியது. அதன் கழுத்தில் கயிறு அறுத்த புண் இருந்தது.

"என்ன பண்றது அக்கா? எசமான் போயிடறாரு. இருட்டுல எது அசைஞ்சாலும் பயமா இருக்கு. கட்டிப்போட்டிருக்கு, ஓடவும் முடியாது. குரைச்சா அவர் காதுல விழுந்து திரும்பி வந்துடுவாருன்னு பார்க்கிறோம்."

செவ்வந்தி மரத்துக்குத் திரும்பியது. மரத்தடியில் காத்திருந்த நரியிடம், "அந்த நாய்ங்க பக்கம் நீ போனா உன் கண்ணைக் கொத்திடுவேன்" என்றது. நரி பல்லைக் காட்டிவிட்டு நகர்ந்தது.

மறுநாள் மாலை, கிளம்பவிருந்த பூதனைச் செவ்வந்தி வழிமறித்தது.

"அண்ணே, ஒரே ஒரு ராத்திரி. போற மாதிரி போயிட்டு, சுத்தி வந்து என் மரத்துக்குப் பின்னால உட்காருங்க. நாய்ங்க குரைக்கலைன்னா, குஞ்சுங்க பறக்க ஆரம்பிச்ச கையோட நான் இடத்தைக் காலி பண்ணிடறேன்."

தொல்லை விட்டது என்று பூதன் சம்மதித்தது. இருட்டியதும் வந்து உட்கார்ந்தது. காற்று நாய்களின் பக்கமிருந்து வீசியதால் அவற்றுக்கு மோப்பம் எட்டவில்லை.

நாய்கள் ஆரம்பித்தன. "ஏதாவது திருடன் வந்திருப்பான்" என்றது பூதன். நேரம் ஆக ஆகப் பூதன் காதைப் பொத்திக்கொண்டது. அப்புறம் கையை எடுத்துவிட்டு உற்றுக் கேட்டது. குரைப்பு கம்மிப்போய் அழுகையாகியிருந்தது. "எசமான், வந்துடுங்க" என்று இரண்டும் மாறி மாறிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தன.

"தினமும் இப்படியா?" என்று பூதன் தணிந்த குரலில் கேட்டது.

"தினமும்தான் அண்ணே."

பூதன் எழுந்து போய் இரண்டு கயிற்றையும் அவிழ்த்தது. மறுநாள் ஒரு பெரிய பாறையைப் புரட்டிக் குகை வாயை அடைத்துவிட்டு, நாய்களைத் தன்னோடு காட்டுக்குக் கூட்டிப்போயிற்று. அதன்பின் அங்கே ராத்திரியில் தவளைச் சத்தம்தான் கேட்டது. செவ்வந்தி இரண்டு முட்டைகளையும் அணைத்துக்கொண்டு விடியும்வரை தூங்கியது.

அக்கம்பக்கத்துத் தொல்லை வஞ்சத்தால் தீராது. அதற்குப் பொறுப்பானவர் தம் காதாலேயே கேட்டு உணரும்வரை சலிக்காமல் போய்ச் சொல்பவருக்கே நிம்மதி கிடைக்கும்.